பொது இடத்தில் ட்ரோன் பறக்கவிடுவது: விதிக்கு உட்பட்டிருந்தால் மட்டும் போதுமா?

நான்குவிசிறி (இழையைத் தொடங்கியவர்):

பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடுகிற நம்மில் பலரிடம் ஒரு பதில் மனப்பாடமாகிவிட்டது. பூங்காவிலோ கடற்கரையிலோ யாராவது வந்து "இதை இங்கே பறக்கவிடலாமா?" என்று கேட்டால் போதும். "இது 249 கிராம்தான், 120 மீட்டருக்குக் கீழேதான் பறக்கிறது, இது தடைசெய்த பகுதி இல்லை" என்று மடமடவென்று ஒப்பித்துவிட்டு மறுபடி திரையைப் பார்க்கக் குனிந்துவிடுகிறோம். கேட்டவர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் "ட்ரோன்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை வந்துவிடும். அப்புறம் நாமே புலம்புவோம்.

நான் சொல்ல வருவது இதுதான். எங்கே, எவ்வளவு உயரத்தில் பறக்கலாம் என்பதை விதி சொல்லும். கீழே நிற்கிறவருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை அது முழுதாகச் சொல்வதில்லை. ட்ரோன் விழக்கூடும் என்று தெரிந்தேதான் நாம் அதை மேலே அனுப்புகிறோம். அந்த ஆபத்துக்கு நாம் சம்மதித்திருக்கிறோம். தன் குழந்தையோடு புல்லில் உட்கார்ந்திருக்கிறவர் சம்மதிக்கவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. அதனால் பொறுப்பு முழுக்க நம் பக்கம்தான் என்பது என் வாதம்.

"விதிப்படிதான் பறக்கிறேன்" என்று சொல்வதற்கு முன் அந்த விதிகளைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கவும் வேண்டும். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் எதுவுமே தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர் அந்த எடைக்குள் இருந்தால் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டாம், சரி. ஆனால் இலவச இணையத் தேர்வு ஒன்றை அவரும் முடித்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கேமரா இருந்தால், பொம்மை வகையைத் தவிர மற்றவற்றுக்கு எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டனில் 2026 ஜனவரியிலிருந்து 100 கிராமிலேயே தேர்வு தொடங்கிவிடுகிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் நல்லது.

*

தும்பி:

மாற்றுக் கருத்து இருக்கிறது, சொல்கிறேன்.

மக்களுக்கு ட்ரோன் மீது இருக்கிற பயத்தில் பாதி தவறான தகவலால் வந்தது. முதல் குற்றச்சாட்டு எப்போதும் "எங்களைப் படம் எடுக்கிறீர்கள்" என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணச் சிறிய ட்ரோனில் இருப்பது 24 மில்லிமீட்டருக்குச் சமமான அகல லென்ஸ். 60 மீட்டர் தூரத்தில் அதன் சட்டகத்துக்குள் சுமார் 90 மீட்டர் அகலமான காட்சி விழுகிறது. 4கே வீடியோவில் அந்த அகலத்துக்கு 3840 பிக்சல், அதாவது ஒரு மீட்டருக்கு 43 பிக்சல். ஒரு மனித முகத்தின் அகலம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது 6 பிக்சல். ஆறு பிக்சலில் யாரையும் அடையாளம் காண முடியாது. பக்கத்துப் பெஞ்சில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இதைவிடப் பல மடங்கு தெளிவாக உங்களைப் பதிவு செய்கிறார். அவரிடம் போய் யாரும் சண்டை போடுவதில்லை.

எல்லோரிடமும் அனுமதி கேட்டுத்தான் பறக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் இந்தப் பொழுதுபோக்கே செத்துவிடும். பொது இடம் என்பது பொதுவான இடம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

*

கீழேநிற்பவர்:

நான் ட்ரோன் வைத்திருப்பவள் இல்லை. இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

தும்பி, உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் தரையில் நிற்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? தலைக்கு மேலே ஒரு பொருள் நின்றுகொண்டு ரீங்காரம் போடுகிறது. லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பதிவு ஓடுகிறதா, எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், எதுவும் தெரியாது. கைப்பேசிக்காரரின் முகத்தை நான் பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அவரிடம் நேரே சொல்ல முடியும், எழுந்து வேறு பக்கம் போகவும் முடியும். ட்ரோன்காரர் எங்கே இருக்கிறார்? சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன், ஆளே இருக்க மாட்டார்.

நான் மகளோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று வந்து எங்களுக்கு மேலே நின்றது. போகும் போகும் என்று பார்த்தேன், போகவில்லை. நாங்கள்தான் கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டோம். அதை இயக்கியவர் ஒருவேளை அலையைத்தான் படம் பிடித்திருப்பார். எனக்கு அது எப்படித் தெரியும்?

*

கழுகுக்கண்:

கீழேநிற்பவர் சொன்னதோடு ஒரு தொழில்நுட்பத் திருத்தமும் சேர்க்கிறேன். தும்பியின் ஆறு பிக்சல் கணக்கு அகல லென்ஸுக்கு மட்டும்தான் பொருந்தும். மேவிக் 3 போன்ற ட்ரோன்களில் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், 162 மில்லிமீட்டருக்குச் சமமான டெலி லென்ஸும் இருக்கிறது. அதே 60 மீட்டரில் முகத்துக்கு 40 பிக்சலுக்கு மேல் கிடைத்துவிடும். தெரிந்தவர் பார்த்தால் யார் என்று சொல்லிவிடலாம். அகல லென்ஸாகவே இருந்தாலும் 15 மீட்டருக்கு இறங்கினால் 6 என்பது 25 ஆகிவிடுகிறது. தரையில் நிற்கிறவர் லென்ஸைப் பார்த்து வகை பிரிக்க முடியாது. அதனால் அவர் எச்சரிக்கையாக இருப்பதைத் தவறான தகவல் என்று தள்ளிவிடக் கூடாது.

நான் கடைப்பிடிக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். ஆட்கள் இருக்கிற பக்கம் ட்ரோனை ஒருபோதும் அசையாமல் நிறுத்த மாட்டேன். கடந்து போகிற ட்ரோனை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, நிற்கிற ட்ரோன்தான் உறுத்தும். பேட்டரி அளவைப் பார்க்கவோ, செட்டிங் மாற்றவோ வேண்டுமென்றால் முதலில் ஆள் இல்லாத பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் செய்வேன். தரையில் நான் நிற்கிற இடமும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாக இருக்கும். மினுங்கும் மேற்சட்டை ஒன்று போட்டுக்கொள்வேன். மரத்தடியில், வண்டிக்குள் உட்கார்ந்து பறக்கவிடுகிறவரைப் பார்த்தால் எதையோ ஒளிக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

யாராவது வந்து கேட்டால் ட்ரோனை இறக்கிவிட்டுத்தான் பேசுவேன். கண் திரையிலும் வாய் பேச்சிலும் இருந்தால் இரண்டுமே கெடும். இறக்கிய பிறகு எடுத்த காட்சியை அவருக்கே காட்டுவேன். அவர் அதில் இருந்து, வேண்டாம் என்றால், அவர் கண்முன்னே அழித்துவிடுவேன். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததும் "எவ்வளவு தூரம் போகும்?" என்று ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

*

சுழலி:

தனியுரிமை முக்கியம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, விழுவது. நான் ட்ரோன்களைப் பிரித்துச் சரிசெய்கிறவன். எவை எப்படி விழுகின்றன என்பதை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான்கு மோட்டார் ட்ரோனுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. சுழலும் இறக்கைகளில் (புரொப்பல்லர்) ஒன்று உடைந்தாலோ, ஒரு மோட்டார் நின்றாலோ, சமநிலை போய்ச் சுழன்றுகொண்டே கீழே வரும். ஆறு, எட்டு மோட்டார் இருக்கிற பெரிய வகைகள் ஒன்று போனாலும் சமாளித்து இறங்க வாய்ப்புண்டு. நம் கையில் இருப்பவை அநேகமாக எல்லாமே நான்குதான்.

எடையைப் பற்றிப் பேசுவோம். 900 கிராம் ட்ரோன் 30 மீட்டரிலிருந்து விழுந்தால், காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமல், தரையைத் தொடும்போது சுமார் 265 ஜூல் ஆற்றல் இருக்கும். 250 கிராம் ட்ரோனுக்குச் சுமார் 74 ஜூல். காற்றுத் தடை இதில் கொஞ்சம் குறைக்கும். இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், அமெரிக்க வான்போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் தொழில்முறை ட்ரோன் விதிகளைப் பாருங்கள். மக்களுக்கு மேலே பறக்கலாம் என்று அனுமதிக்கிற இரண்டாம் வகை ட்ரோன் மோதினால் ஏற்படும் காயம், விறைப்பான ஒரு பொருள் 11 அடி-பவுண்டு ஆற்றலோடு மோதினால் ஏற்படுவதைத் தாண்டக் கூடாது. அது வெறும் 15 ஜூல். மூன்றாம் வகைக்கு 25 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட 34 ஜூல். ட்ரோன் நொறுங்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி அதிலேயே செலவாகிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் 249 கிராம் என்பதால் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அதே விதிகளில் 250 கிராம் எடைக்குள் இருக்கிற முதல் வகைக்கே, தோலைக் கிழிக்கும்படி திறந்த சுழலும் பாகங்கள் இருக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. அதாவது, இறக்கைக் காப்பு மாட்டாத சிறிய ட்ரோன் அந்த வகைக்குள் வரவே வராது.

இறக்கையைப் பற்றி விளையாட்டாகப் பேசாதீர்கள். 2015இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் முன்தோட்டத்தில், குடும்ப நண்பர் ஒருவர் ட்ரோனை இறக்கிக்கொண்டிருந்தார். பழக்கம் உள்ளவர்தான். இறக்கை ஒரு மரத்தில் உரசியது, ட்ரோன் நிலைதவறிச் சுழன்று போனது. பக்கத்தில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு கண் போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று இத்தாலியின் மடோனா டி கம்பிலியோவில் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி. ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் சறுக்கிக்கொண்டிருக்கும்போது, தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு வைத்திருந்த பெரிய ட்ரோன் அவருக்குச் சற்றுப் பின்னால் வந்து விழுந்து நொறுங்கியது. அதை இயக்கியவர்கள் தொழில்முறையாளர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு தன் உலகக் கோப்பைப் போட்டிகளில் கேமரா ட்ரோன்களுக்குத் தடை போட்டது.

ஆளுக்கு மேலே பறக்காதீர்கள். பக்கவாட்டில் தள்ளிப் பறக்கவிடுங்கள். ஐரோப்பிய விதியில், ஆட்களுக்குப் பக்கத்தில் பறப்பதற்கான ஏ2 பிரிவில் ஒன்றுக்கு ஒன்று என்று ஒரு வழிகாட்டுதல் உண்டு: 40 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஆளிடமிருந்து பக்கவாட்டிலும் குறைந்தது 40 மீட்டர் தள்ளி இரு. உங்கள் நாட்டில் எந்த விதி இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ட்ரோன் நேர்கீழே விழாது, வந்த வேகத்தில் முன்னாலும் போகும், காற்றும் தள்ளும்.

*

தும்பி:

சுழலி, இது நல்ல பதில். ஆளுக்கு மேலே பறக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, நானும் பறப்பதில்லை. நான் எதிர்ப்பது வேறு. இந்த மாதிரிச் சம்பவங்களைக் காட்டித்தான் நகராட்சிகள் பூங்காக்களை மொத்தமாக மூடுகின்றன. நல்ல இடங்கள் மூடினால் பறக்கவிடுகிறவர்கள் நிறுத்திவிடுவதில்லை. இருட்டில், ஒளிந்து, மோசமான இடங்களில் பறக்கிறார்கள். தடை போட்டவர்களுக்கு அது தெரிவதில்லை. ஒழுங்காகப் பறக்கிறவருக்கு ஓர் இடம், ஒரு நேரம் என்று ஒதுக்கிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது. பூங்காவில் காலை நேரத்தில் ஒரு மூலையைக் கொடுங்கள் என்று கேட்பது பெரிய காரியமா?

கீழேநிற்பவர் அம்மா, உங்களுக்கு மேலே நிறுத்தி வைத்தவர் செய்தது தவறு. அதில் சந்தேகமே இல்லை.

*

பறவைநோக்கி:

கூடு கட்டுகிற காலத்தில் அந்தக் "காலை நேரத்து மூலை" எங்கே என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் கேட்கவே முடியாத உயிர்களும் அங்கே இருக்கின்றன.

2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா ஈரநிலக் காப்பகத்தில் ஒரு ட்ரோன் விழுந்தது. அங்கே ஆயிரக்கணக்கான எலிகன்ட் டெர்ன் ஆலாக்கள் (ஒரு வகைக் கடற்பறவை) மணல்தீவில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. அவை மொத்தமாகப் பறந்துபோய், திரும்பி வரவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகள் அப்படியே கிடந்து வீணாயின. அந்தக் காப்பகத்தில் ட்ரோன் ஏற்கனவே தடை செய்யப்பட்டதுதான்.

"மிருகம் ஓடவில்லையே, அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. ட்ரோன் வந்தபோது பெரும்பாலான கரடிகள் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் துடிப்பு எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்பு வரை கூடியது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பருந்து, கழுகு ஏதாவது ட்ரோனைத் துரத்தினால் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது தன் எல்லையைக் காக்கிறது. அவை மேலிருந்து பாய்ந்து தாக்கும். அதனால் முதலில் உயரே ஏற்றி விலகி, அந்த இடத்தைவிட்டே போய்விடுங்கள். மறுபடி அன்றைக்கு அங்கே ஏற்ற வேண்டாம்.

*

புதுச்சிறகு:

நான் இப்போதுதான் வாங்கியிருக்கிறேன். இதைப் படித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. சிக்னல் போனால் அதுவே திரும்பி வந்துவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அதை நம்பலாமா? பொது இடத்தில் முதல்முறை பறக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

*

சுழலி:

புதுச்சிறகு, பயம் இருப்பது நல்லதுதான். தானாகத் திரும்பி வரும் அந்த வசதிக்கு ஆர்டிஎச் என்று பெயர். நல்ல வசதிதான், ஆனால் அது நீங்கள் சொல்லி வைத்ததைத்தான் செய்யும்.

ஏற்றுவதற்கு முன் "ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது" என்ற அறிவிப்பு வரும்வரை பொறுங்கள். ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காமலே அவசரமாக ஏற்றினால், அது திரும்பும் இடம் வேறு எங்கேயோ இருக்கும். அடுத்தது, திரும்பும் உயரம். சுற்றியிருக்கிற மரம், கட்டடம், கோபுரம் எல்லாவற்றையும் பார்த்து, அதில் உயரமானதைவிடத் தாராளமாக மேலே வையுங்கள். உயரம் போதாமல் நேராகத் திரும்பி மரத்தில் மோதிய ட்ரோன்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. படகிலிருந்து ஏற்றினீர்கள் என்றால் ஆர்டிஎச் படகைத் தேடாது. படகு எங்கே இருந்ததோ அந்த இடத்துக்குப் போய்த் தண்ணீரில் இறங்கிவிடும்.

கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு மூடி, வண்டியின் கூரை, இவற்றின் மேல் வைத்துக் கிளப்பாதீர்கள், காம்பஸ் குழம்பும். தடை உணரிகளை முழுதாக நம்ப வேண்டாம். மெல்லிய கம்பி, இலை இல்லாத சிறு கிளை, கண்ணாடி, இவை அவற்றின் கண்ணில் படாமல் போகலாம். டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன்களில் வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோடுக்குப் போனால் தடை தவிர்ப்பு அணைந்துவிடும், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

காற்றைக் கவனியுங்கள். சிறிய வகைகள் பலவற்றின் தாக்குப்பிடிக்கும் வரம்பு நொடிக்கு 10.7 மீட்டர். தரையில் இலை ஆடாமல் இருக்கும்போதே நூறு மீட்டர் மேலே காற்று பலமாக அடிக்கலாம். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது அது தள்ளிக்கொண்டு வந்துவிடும். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு, பேட்டரி இறங்கிய நேரத்தில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது கிடைத்த இடத்தில் இறக்க வேண்டி வரும். கிடைத்த இடத்தில் ஆள் இருப்பார்.

*

வான்மீட்பு:

நான் மருத்துவ மீட்பு ஹெலிகாப்டர் குழுவில் வேலை செய்கிறேன். "120 மீட்டருக்குக் கீழே வேறு யாரும் பறக்க மாட்டார்கள்" என்று இங்கே பலர் நினைப்பது தெரிகிறது. நாங்கள் பறக்கிறோம். விபத்து நடந்த சாலையில், மைதானத்தில், கடற்கரையில், அறிவிப்பு எதுவும் இல்லாமல் இறங்குகிறோம். ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் சிறிய ட்ரோன் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு எங்கள் சத்தம் முன்கூட்டியே கேட்கும். கேட்டவுடன் இறக்கிவிடுங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பார்வைக்குள் பறக்க வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2017 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது ஒரு ஃபான்டம் 4 ட்ரோன் மோதியது. இயக்கியவர் அதைச் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கவிட்டிருந்தார். மோதியது அவருக்குத் தெரியவே தெரியாது. விசாரணைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கிவிட்டது, நல்ல காலம்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இறக்கையில் ஒரு பொழுதுபோக்கு ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது. அது சிறிய ட்ரோன். தீயைப் பார்க்க அனுப்பியவர், 2 கிலோமீட்டருக்கு மேல் போனதும் அதைக் கண்பார்வையிலிருந்து தொலைத்துவிட்டார். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் கொட்டுகிற விமானம் பழுதுபார்க்க நிறுத்தி வைக்கப்பட்டது. "நீங்கள் பறந்தால் நாங்கள் பறக்க முடியாது" என்று தீயணைப்புத் துறைகள் சொல்வது மிரட்டல் இல்லை. ட்ரோன் தெரிந்தாலே விமானங்களைத் திருப்பி அழைத்துவிடுகிறார்கள், அதுதான் நடைமுறை.

தீ, வெள்ளம், விபத்து, ஆம்புலன்ஸ் விளக்கு, இவை இருக்கிற இடத்தில் ட்ரோன் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இதில் விவாதத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

*

கீழேநிற்பவர்:

வான்மீட்பு, நன்றி. ஒரு கேள்வி. என் வீட்டு மாடிக்கு நேரே ஒரு ட்ரோன் அடிக்கடி வந்து நிற்கிறது. கல்லெறிந்து விழ வைத்தால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்கும் புரிகிறது. என்ன செய்வது?

*

கழுகுக்கண்:

எறியாதீர்கள் அம்மா. முதல் காரணம், அது விழுகிற இடத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது. சுழலி சொன்ன 74, 265 ஜூல் யார் தலையிலாவது இறங்கும். லித்தியம் பேட்டரி அடிபட்டு நசுங்கினால் தீப்பற்றவும் கூடும். இரண்டாவது, பல நாடுகளில் சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். அமெரிக்கச் சட்டத்தில் ட்ரோனும் விமானம்தான், சுட்டு வீழ்த்தினால் மத்தியக் குற்றமாகலாம். கையால் பிடிக்கவும் போகாதீர்கள். 2015இல் பாடகர் என்ரிகே இக்லேசியாஸ் மேடையில் ட்ரோனைப் பிடிக்கப் போய் விரல்களைக் கிழித்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போனார்.

தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தத் திசையில் திரும்பியது, இவற்றைக் குறித்து வையுங்கள். கைப்பேசியில் வீடியோ எடுங்கள். திரும்பிப் போகிற திசைதான் முக்கியம், இயக்குபவர் அந்தப் பக்கம்தான் இருப்பார். பாதி நேரம் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் விவரம் தெரியாமல் செய்வதாக இருக்கும், நேரில் சொன்னால் முடிந்துவிடும். இல்லையென்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள். ரிமோட் ஐடி கட்டாயமான நாடுகளில் ட்ரோன் தன் அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் இதை மீறுகிறவர்கள் மீது 2024 மார்ச் முதல் நடவடிக்கை எடுக்கிறார்கள். அந்த எண் யாருடையது என்பதைக் காவல்துறை கேட்டுப் பெற முடியும்.

*

தும்பி:

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். இரண்டு நாட்களாக இதைத்தான் தேடிப் படித்தேன். நாசா 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ட்ரோன் சத்தத்தையும் சாலை வண்டிகளின் சத்தத்தையும் ஆட்களுக்குக் கேட்க வைத்து, எது எவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே அளவு ஒலியாக இருந்தாலும் ட்ரோன் சத்தம் அதிகம் எரிச்சலூட்டியது. ஆகவே "ஒரு பைக் போவதைவிடக் குறைவான சத்தம்தான்" என்று நாம் சொல்கிற சமாதானம் எடுபடாது. இதற்குத் தீர்வு தூரமும் நேரமும்தான். ஏற்றும் இடம் ஆட்களிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், கிளம்பியதும் சட்டென்று விலகிவிட வேண்டும், ஒரே இடத்தில் பேட்டரி மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆனாலும் என் முதல் கருத்திலிருந்து நான் முழுதாக மாறவில்லை. பறக்கவிடுகிறவருக்கும் உரிமை உண்டு. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கலாம் என்பதை ஏற்க மாட்டேன்.

*

நான்குவிசிறி:

யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை தும்பி. என் கோரிக்கை சின்னது. பொது இடத்துக்குப் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள். அங்கே இருக்கிறவர்களிடம் "கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கவிடப் போகிறேன், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், இறக்கிவிடுகிறேன், நான் அதோ அங்கே நிற்பேன்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. யாராவது வேண்டாம் என்றால் இடத்தை மாற்றுங்கள். உங்கள் உரிமை குறைந்துவிடாது. நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். கீழேநிற்பவர் கேட்டதும் அதைத்தான்.

கூட்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஐரோப்பிய விதியில் கூட்டம் என்பதற்கு எண்ணிக்கை இல்லை. நெருக்கத்தால் ஆட்கள் விலகி ஓட முடியாத நிலை இருந்தால் அது கூட்டம், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு மேலே 249 கிராமும் போகக் கூடாது.

எங்கள் குழுவில் இந்த வாரத்திலிருந்து தனியாக யாரும் பொது இடத்தில் ஏற்றுவதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். ஒருவர் இயக்குவார், இன்னொருவர் ட்ரோனையும் சுற்றி வருகிற ஆட்களையும் மட்டுமே பார்ப்பார். வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை. பூங்கா நிர்வாகத்திடம் தும்பி சொன்னபடி காலை நேரத்தையும் ஒரு மூலையையும் கேட்டுக் கடிதம் எழுதப் போகிறோம். பறவைநோக்கி, அந்த மூலையில் கூடுகள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா? மரங்களின் படத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

*

பறவைநோக்கி:

அனுப்புங்கள். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதிகாலையில் நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும். பறவைகள் தீனியோடு எந்த மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகின்றன என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கடிதத்தை எழுதுங்கள். எந்த மாதங்களில் வேண்டாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.